பெட்டியின் மேல் ஓர் ஓட்டை

கல் அறுக்கும் ஆலை முற்றத்தில் நின்ற கிரேனின் மின்பெட்டியை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவள் அந்த எலக்ட்ரீஷியன்தான். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற பெட்டி. கதவின் ரப்பர் பட்டை வெடிக்கும் முன்பே மாற்றிவிடுவாள். ஒயர்களை அடிப்பக்கமாகத்தான் நுழைப்பாள். மழைநீர் உள்ளே போகாமல் சொட்டிவிடும்படி கொஞ்சம் தொங்கவிட்டு வளைப்பாள். ஒயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், அதைச் சுரண்டிக் கிரீஸ் தடவாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

கிரேன் ஓட்டுகிறவன் வாய் நிறைய "அக்கா" என்பான். கூடப் பிறக்காத தம்பி என்று அவளும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"அக்கா, கேபின்ல வெந்து சாகுறேன். பெட்டி மேல ஒரு ஓட்டை போட்டு ஃபேனுக்கு லைன் இழுத்துக் குடேன்."

"மேலயா? உன் மண்டையில வேணா போடுறேன். ரெண்டு நாள் லீவு. வந்ததும் கீழ் வழியா இழுத்துத் தர்றேன், பொறு."

அவன் பொறுக்கவில்லை. அவள் திரும்புவதற்கு முந்தைய நாள் கொட்டிய மழையில், கிரேனில் தொங்கிய கல் தானாகவே இறங்கி, கீழே நின்ற அறுப்புக்காரரின் கால் நசுங்கிப்போனது.

வந்ததும் பெட்டியைத் திறந்தாள். அடியில் தண்ணீர் தேங்கி, முனைகள் கருகிக் கிடந்தன. மேல்தகட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஓட்டை. ஃபேனையும் ஒயரையும் காணோம்.

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். லீவுக்கு முன்பு அவளே ஓட்டை போட்டதாக எழுதியிருந்தது.

"உன் தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கானேம்மா. அவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அங்கேயே நின்றிருந்த அவன் பக்கம் அவள் திரும்பினாள். "டேய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"நீதானக்கா போட்ட" என்றான், சுவரைப் பார்த்தபடி.

அன்றே வேலை போயிற்று. ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்கி, ஏணியில் ஏறி, ரப்பர் வைத்துத் தகடு அடித்து அந்த ஓட்டையை அடைத்தாள். கீழே ஆட்கள் நடமாடுகிறார்களே.

அவன் ஏணியடியில் வந்து நின்றான். "என்னை விட்டா வீட்ல சம்பாதிக்க ஆளில்லக்கா. நீ கைவேலைக்காரி, எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத" என்று சொல்லி இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில், கையெழுத்துப் போட்டது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. கணவர் மற்றதையெல்லாம் கேட்டுவிட்டு, "உன் தம்பி அங்கதானே இருந்தான்? உனக்காக ஒரு வார்த்தை பேசலையா?" என்றார்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.