எண்ணெய் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மூன்று விதமான தீனி. வெள்ளைச் சீட்டு ஒட்டிய கூண்டுக்குச் சாதாரணத் தீனி, பச்சைச் சீட்டுக்கு ஆலிவ் எண்ணெய் கலந்தது, சிவப்புச் சீட்டுக்குப் பாமாயில் கலந்தது. எல்லா எலிகளின் நாக்கிலும் ஊசியால் புற்று அணுக்களை ஏற்றியிருப்போம். தினமும் தீனியை நிறுத்துப் போடுவது என் வேலை. கடைசியில் அவற்றின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் புள்ளிகளை எண்ணுவதும் நான்தான். நாக்கில் வைத்த புற்று எத்தனை இடத்துக்குத் தாவியிருக்கிறது என்று அந்தப் புள்ளிகள் சொல்லும்.

சிவப்புச் சீட்டு எலிகளில் புள்ளிகள் அதிகம். இரண்டு முறை எண்ணினேன்.

அந்த வாரம்தான் அம்மாவின் நாக்கில் இருப்பதும் அதுதான் என்று தெரிந்தது.

நாக்கின் இடது ஓரத்தில் புண். பல் குத்துகிறது, பல் குத்துகிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு மாதமும் நான் எலிகளின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருநாள்கூட "வாயத் தொறம்மா" என்று நான் சொல்லவில்லை. இதற்குப் பெயர் படிப்பு.

அம்மாவுக்கு ஒரு தொழிற்சாலை கான்டீனில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பொரிக்கிற அடுப்பு அவள் பொறுப்பு. எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் எண்ணெய் வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிப்பாள், என் சீருடையிலும் அந்த வாடை இருக்கும். அந்த எண்ணெய்ச் சட்டிதான் என்னைப் பட்டம் வாங்க வைத்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் என் கட்டிலில் வைத்துவிடுவார்கள். டாக்டர் பேசினால் டாக்டரைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டினால் அப்பா தலையாட்டுவார், அப்பா ஆட்டினால் அம்மா. நாக்கில் பாதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் நின்றுகொண்டே சொன்னபோதும் அப்படித்தான். நான் தலையாட்டினேன், அம்மாவின் பாதி நாக்கு போயிற்று.

கழுத்தில் எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் புற்று இருந்தது. அதாவது, நாக்கைவிட்டுக் கிளம்பிவிட்டது. முப்பது நாள் கரண்ட் வைக்க வேண்டும், கதிர்வீச்சுதான், என்றார்கள். தலை அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்தார்கள். வலை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, அம்மாவின் முகத்தில் அழுத்தினார்கள். ஆறியதும் மூக்கு, தாடை, கன்னம் எல்லாம் அப்படியே அதில் படிந்திருந்தது. தினமும் அதை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் மெஷினைப் போடுவார்கள்.

சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்தார். எடை குறையவே கூடாது, ஒவ்வொரு வேளையும் வெண்ணெய், க்ரீம், எண்ணெய் ஏதாவது சேருங்கள் என்று அதில் இருந்தது. எனக்குச் சிவப்புச் சீட்டுதான் கண்ணில் நின்றது, பச்சை நினைவுக்கே வரவில்லை. தாளை மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இனி எண்ணெய், வெண்ணெய், க்ரீம் எதுவும் அம்மாவுக்குக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேகவைத்து மசித்த காய், ஆடை நீக்கிய பால், தெளிவான சூப். அவ்வளவுதான்.

சித்தி வெண்ணெயோடு வந்தாள். வாசலிலேயே மறித்தேன். எலிக் கதை முழுவதையும் சொன்னேன். சித்தி பொறுமையாகக் கேட்டாள்.

"ஏண்டி, உன்னப் படிக்க வெச்சது எங்க அக்கா வாயக் கட்டவா? அவ என்ன உன் கூண்டுல இருக்கற எலியா?"

"பரவிடுச்சுன்னா நீ வந்து பாப்பியா சித்தி?"

அம்மா நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினாள். பாதி நாக்கோடு ஒரு வாக்கியம் பேச அவளுக்கு ஒரு நிமிடம் ஆகும். நாங்கள் காத்திருந்தோம்.

"அவ சொன்னா... சரியாத்தான் இருக்கும்."

சித்தி வெண்ணெயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பன்னிரண்டாவது நாள் மெஷினை இயக்குகிறவர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அம்மா முகமூடிக்குள் படுத்திருந்தாள். அவர் அம்மாவின் கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினார்.

"பாரும்மா, ரெண்டு விரல் போகுது. உள்ள தல ஆடுது. இப்படியே வெச்சா கரண்ட் வேற எடத்துல போய்ப் படும்."

எடை பார்த்தார்கள். ஏழு கிலோ இறங்கியிருந்தது. புது முகமூடி செய்ய வேண்டும், மறுபடி ஸ்கேன் எடுத்து மறுபடி கணக்குப் போட வேண்டும். எட்டு நாள் சிகிச்சை கிடையாது. நடுவில் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கிற அணுக்கள் தலைதூக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைத்தான் படித்திருக்கிறேனே.

டயட்டீஷியன் வந்து, தாள் கொடுத்தேனே, யாரிடம் கொடுத்தேன் என்று கேட்டார். அது என் பைக்குள் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான்... பிடிக்கல."

எனக்காகப் பொய் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடமும் நான் சும்மா நின்றேன்.

மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஆய்வை நடத்துகிற எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எலியில் பார்த்தது எலியில் பார்த்தது, சாப்பிடவே முடியாத நோயாளிக்கு அதை எப்படிக் கொண்டுபோய்ப் பொருத்தினாய் என்றார். அப்படியானால் வெண்ணெய் கொடுத்தால் பரவாதா என்றேன். தெரியாது என்றார். கொடுக்காவிட்டால் என்றேன். எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்க மாட்டார், அது மட்டும் தெரியும் என்றார். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவர் தெரியாததைத் தெரியாது என்றார். தெரிந்த மாதிரி நடந்தது நான்.

சாயங்காலம் நானே போய் சித்தியைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெண்ணெயை மட்டும் கையில் கொடுத்தாள். நான் அதைச் சமையல் தராசில் வைத்து இருபது கிராம் நிறுத்தேன். தினமும் நிறுத்துப் பழகிய கை. மசித்த உருளைக்கிழங்கில் போட்டதும் உருகி, மேலே மஞ்சளாக மினுமினுத்தது.

அம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "எனக்கு... எந்தச் சீட்டு?" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். தையல் போட்ட பக்கம் உதடு சரியாக விரியாது.

நான் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கதவோரம் நின்ற அப்பாவும் என்னைப் பார்த்தார். சித்தியும் பார்த்தாள்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவள் சாப்பிட மாட்டாள்.

தலையாட்டினேன். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.