நாற்பதுக்கு மேலே ஏறாத கெப்

மெக்கானிக் முனாஸ் பாசின் கராஜுக்கு றவூப் தன் கெப் வண்டியைக் கொண்டுவந்த அன்று, அவன் பெண்சாதி றாபியா மவுத்தாகிப் பதினொரு நாள். பெண்சாதி போன மனுசன் அழுவான், இல்லையென்றால் ஆரையாவது பிடித்து ஏசுவான். இவன் இரண்டும் செய்யவில்லை. குடி என்றால் குடித்தான், தின் என்றால் தின்றான். முகத்தில் ஈ குந்தினாலும் விரட்டத் தோன்றாமல் மரத்துப்போய்க் கிடந்தான். கராஜுக்கும் அவனாக வரவில்லை. றாபியாவின் உடன்பிறந்த காக்கா பளீல் பக்கத்து சீற்றில் ஏறிக் குந்திக்கொண்டு, “எடு வண்டிய” என்றார். எடுத்தான்.

பளீல் ஆறுதல் சொல்ல வந்தவரில்லை. வண்டி நின்றதும் நிற்காததுமாக இறங்கி முனாஸிடம் போனார்.

“பாஸ், இந்த வண்டி என்னத்துக்கு ஓடாமப் போன எண்டு எனக்குத் தெரியணும். சாகாமத்து வயல் வட்டையில நெல்லு வெட்டு நடக்கக்குள்ள என்ட தங்கச்சிக்கு நெஞ்சு நோ வந்திச்சி. இதிலதான் ஏத்திட்டு வந்த. நாப்பதுக்கு மேல ஏறல்ல. த்ரீவீல்காரன் கோர்ன் அடிச்சிட்டு முந்திப் போறான்! ஆஸ்பத்திரி வாசலுக்கு வரக்குள்ள எல்லாம் முடிஞ்சி. இந்த மனுசன் வண்டியப் பாக்காம விட்ட குத்தமா, இல்ல ஆருக்கும் தெரியாம வந்த வருத்தமா? அதச் சொல்லுங்க.”

வழியிலேயே அவர் றவூபுக்குத் தீர்ப்பைச் சொல்லி வைத்திருந்தார். மருதமுனையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து ஏறுகிறவன். றாபியாவின் வீடு இனி மகள் சிபானாவின் வீடு. “குத்தம் உன்னில எண்டா உன்ட தங்கச்சி வீட்ட, சாய்ந்தமருதுக்குப் போயிடு. அந்தப் புள்ளைட கண்ணுக்கு முன்னால நடமாட வேணாம்” என்றார்.

வீடு போவதைப் பற்றி றவூபுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரேயொரு விசயம்தான் அந்த மரத்த உடம்புக்குள்ளே எங்கேயோ நொந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயது சிபானா, வாப்பா வாப்பா என்று வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை, இந்தப் பதினொரு நாளும் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தேத்தண்ணியை முன்னால் வைப்பாள், போய்விடுவாள். ஏதோ ஒரு குழாய் உள்ளுக்குள்ளே வெடித்துக் கிடந்தது, ஆருக்கும் தெரிந்திருக்க ஏலாது என்று முனாஸ் சொன்னால் போதும். அதைக் கொண்டுபோய் மகளிடம் சொல்லலாம்.

ஆனால் வண்டி இழுவை குறைந்தது அவனுக்குத் தெரியாததா? அந்தப் பொய்யை அல்லாஹ் பொறுக்கமாட்டான். வெட்டுத் தொடங்கிய மூன்றாம் நாளே தெரியும். “பாஸிட்டக் காட்டுங்களன் ஒருக்கா” என்று றாபியாவும் சொன்னாள். “வெட்டு முடியட்டும், பாப்பம்” என்றான். வெட்டு முடியுமுன்னே அவள் முடிந்துபோனாள்.

முனாஸ் வாய்க்காரனில்லை, வேலைக்காரன். “றவூப் காக்கா, புகை என்ன நிறம்?”

“கறுப்பு.”

“மிதிக்கக்குள்ள டேர்போட விசில் கேக்குமே, அது?”

“கேக்கல்ல.”

முனாஸ் எஞ்சினை முறுக்கிவிட்டு, பின்னால் கரிக்கட்டியாக வந்த புகையைப் பார்த்தான். டேர்போவிலிருந்து போகிற ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி, நெரித்து, காது வைத்துக் கேட்டான். காற்று எங்கேயும் ஒழுகவில்லை. டேர்போவின் கம்பியைத் தள்ளிப் பார்த்தான், அசைந்தது. டீசல் பில்டரைக் கழற்றினான், அதிலும் பிழையில்லை. அதற்குள் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, பளீல் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். “நான் வரக்குள்ள மறுமொழி இரிக்கணும்” என்று ஒரு அதட்டல் வேறு. அந்த மனுசனுக்குத் துக்கமும் கோபமாகத்தான் வரும், என்ன செய்ய.

முனாஸ் காற்றுப் பில்டரின் பெட்டியைத் திறந்து, பில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நெற்றியைச் சுருக்கினான்.

“காக்கா, வண்டி எத்தின நாள் வட்டைக்குள்ள நிண்ட?”

“அஞ்சி நாள்.”

“அஞ்சி நாள் பதருக்குள்ளயும் தூசிக்குள்ளயும் நிண்ட வண்டிட பில்டர் இவ்வளவு வெள்ளையா இரிக்க ஏலாது. தூசி இஞ்ச வரவேயில்ல. தூசி வரல்ல எண்டா காத்தும் வரல்ல. இதுக்கு முன்னால எங்கயோ அடச்சிக் கிடக்கு.”

முன் சில்லின் மட்காட்டுக்குள்ளே காற்று இழுக்கிற குழாயைக் கழற்றி, வளைவுக்குள் இரண்டு விரலை விட்டான். ஈரப் பதரும் சேறுமாக ஒரு துணிப் பந்து வந்தது. உதறினான். பச்சைத் துணி, வெள்ளைக் கோடு. கோடு ஒரு பக்கம் கோணி ஓடியிருந்தது.

“இதான் ஆள்,” என்றான் முனாஸ். “வெட்டு நாளையில வட்டைக்காரனுகள் தூசி ஏறாம குழாய் வாயில துணி கட்டுறதான். ஆனா டியூப் ரப்பரால இறுக்கிக் கட்டுவானுகள். பின்னேரம் கழட்டி உதறிட்டுத்தான் வீட்ட போவானுகள். இது நூலால கட்டின. பனியில நனஞ்சி பாரம் கூட, எஞ்சின் உள்ளுக்கு இழுத்துட்டு. வட்டை வேலை தெரிஞ்ச ஆள் கட்டினதில்ல.”

றவூபுக்கு அந்தத் துணியைத் தெரியும். சிபானா உம்மாவின் தறியில் குந்தி முதன்முதலாக நெய்த துண்டு அது. கோடு கோணிப்போயிற்று என்று றாபியா சிரித்தாள். பிள்ளை கோவித்துக்கொண்டு, அதை ஆரையும் தொட விடாமல் மடித்து வைத்திருந்தாள்.

வெட்டின் முதல் நாள் பகல் சோறு கொண்டு வந்தவள் வண்டியின் முன்னால் குந்தியிருந்ததும் ஞாபகம் வந்தது. “என்ன மகள் செய்யிற?” என்று கேட்டான். “ஒண்டுமில்ல வாப்பா” என்று சிரித்தாள். வட்டைத் தூசியால் வண்டி கெட்டுப்போகும் என்று அதற்கு முந்தின இரவு சோற்றுக்கு முன்னால் அவன்தான் புலம்பினான். பக்கத்து மெசின்களில் துணி கட்டியிருந்ததைப் பிள்ளை பார்த்திருக்கிறாள். பின்னேரம் அதைக் கழற்ற வேணும் என்று அவளுக்கு ஆர் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை.

யா அல்லாஹ், வாப்பாவின் வண்டி கெடக்கூடாது என்றுதானே கட்டினாள்.

றவூப் முனாஸின் கையிலிருந்த துணியை வாங்கினான். மூலையில் கழிவு ஒயில் நிரம்பிய பீப்பாய் இருந்தது. அதற்குள் துணியை அமுக்கி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து எடுத்தான். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. முனாஸ் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

பளீல் பள்ளியால் வந்தார். “என்ன பாஸ்?”

முனாஸ் றவூபைப் பார்த்தான்.

“குழாயில துணி அடச்சிக் கிடந்த மச்சான்,” என்றான் றவூப். “நான்தான் கட்டின. கழட்ட மறந்திட்டன்.”

பளீல் அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே இறங்கிற்று. “என்ட தங்கச்சி…” என்று தொடங்கினவர் பழைய டயர் ஒன்றில் குந்தித் தேம்பித் தேம்பி அழுதார். றவூப் பக்கத்தில் நின்று பார்த்தான். அழத் தெரிந்த மனுசன் என்று பொறாமையாக இருந்தது.

வீட்டில் பளீல்தான் சொன்னார். “மகள், உன்ட வாப்பாதான் குழாயில துணியக் கட்டிப்போட்டு மறந்திரிக்கார்.”

அறைச் சீலைக்குப் பின்னாலிருந்து சிபானா வெளியே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. பதினொரு நாளைக்குப் பிறகு வாப்பாவைப் பார்த்துக் கதைத்தாள்.

“எந்தத் துணி வாப்பா?”

அந்தக் கேள்வியில் றவூபுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. பிள்ளை அவனைக் கோவித்துக்கொண்டு வாயை மூடியிருக்கவில்லை. தன் துண்டை நினைத்துப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என்ட பழைய சாரன் துண்டு மகள். நீ கட்டின பச்சைத் துண்ட அண்டைக்குப் பின்னேரமே கழட்டி எறிஞ்சிட்டுத்தான் இதக் கட்டின. அது நல்லா நிக்கல்ல.”

“நீங்களா கழட்டின? உண்மையா?”

“ஓம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் சரிந்தாள். உம்மா என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. அழுது அழுது மூச்சு வாங்கி, தலையைத் தூக்கினாள்.

“நீங்கதான் வாப்பா. என்ட உம்மாவ நீங்கதான் கொன்னுபோட்ட.”

“ஓம் மகள்,” என்றான் றவூப்.

இரண்டு சாரனையும் ஒரு சேர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு அவன் இறங்கினபோது, உள்ளே பிள்ளை மாமாவின் தோளில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அழட்டும். அழுதால் பிழைத்துக்கொள்வாள். பெற்ற வாப்பாவுக்கு அது போதும்.

கெப்பை எடுத்து மெயின் ரோட்டில் ஏற்றினான். காலை வைத்ததும் டேர்போ விசிலடித்தது. ஐம்பது, எழுபது என்று முள் துள்ளி ஏறிற்று. பாண்டிருப்பு வருமுன்னே எண்பதைத் தொட்டது. பக்கத்து சீற்றைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அவள் அதில் சாய்ந்துகொண்டு, “கொஞ்சம் வெரசா விடுங்களன்” என்றுதான் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

காலை எடுத்தான். முள் நாற்பதுக்கு இறங்கியது. பின்னால் வந்த த்ரீவீல்காரன் கோர்ன் அடித்து, ஏசி, முந்திக்கொண்டு போனான். கல்முனையைத் தாண்டி சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேரும்வரை றவூப் நாற்பதிலேயே ஓட்டினான்.