அன்புக்கு எதற்குப் பூட்டு?

"பீரோவைப் பூட்டிட்டியா?" என்று கேட்டார் வக்கீல்.

"பூட்டிட்டேன்" என்றாள் அவர் மனைவி.

"சாவி?"

அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். வக்கீல் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சாப்பாட்டு மேசையருகே நின்று பரிமாறிக்கொண்டிருந்த மருமகளின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் காதில் விழ வேண்டும் என்றுதானே பேசினார்கள்! பூட்டிய பீரோவுக்குள் இருந்தது அவளுடைய பாஸ்போர்ட்.

"நான் உன்னைத் தடுக்கலம்மா" என்றார் வக்கீல், விரலை நக்கிக்கொண்டே. "போகக் கூடாதுன்னு யாரு சொன்னா? இப்ப போக வேண்டாம்னுதான் சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"என்ன வித்தியாசம் மாமா?"

"அதெல்லாம் போகப் போக அனுபவத்துல புரியும்."

பதில் இல்லாத கேள்வி வந்தால் அனுபவத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அவருக்குப் பழக்கம். கோர்ட்டில் அந்தச் சாட்சி எடுபடாது. வீட்டில் எடுபட்டுக்கொண்டிருந்தது.

வக்கீலைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. பெண்ணுரிமைக் கூட்டம் எங்கே போட்டாலும் நடு நாற்காலி அவருக்குத்தான். ஒரே மகன் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்த மறு வருஷமே, படிப்பு பாதியில் நின்றிருந்த மருமகளைச் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர் அவர். "இவ என் மருமக இல்ல, மக" என்று மேடையில் அவர் சொல்லும்போது முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும். அந்த மகள் கல்லூரி விட்டு வந்ததும் மாடியறையில் உட்கார்ந்து அப்பாவின் வழக்குகளுக்கெல்லாம் வாதக் குறிப்பு எழுதித் தருவாள். முன்தீர்ப்புகளைத் தேடுவது, எதிர்க்கட்சி என்ன கேட்கும் என்று யோசிப்பது, அதற்குப் பதில் வைப்பது எல்லாம் அவள் வேலை. வெளியே யாராவது கேட்டால், "டைப் அடிச்சுத் தர்றா, பாவம், பொழுது போகணுமே" என்பார் வக்கீல். வரவர அவரும் அதை நம்பிவிட்டார்.

வினை அன்று மத்தியானம் கல்லூரியில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஒரு மாணவரை மூன்று மாதம் வெளிநாட்டுச் சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் வேலை பழக அனுப்புவார்கள். இடம் பேசுவது, தங்க அறை பார்ப்பது, விசாவுக்கு அலைவது எல்லாம் ஒரு பேராசிரியையின் பொறுப்பு. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வெளிநாட்டு டீச்சர். அவள் இதுவரை எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை.

தேர்வுக் குழுவின் தலைவர் வக்கீல். மாணவர்கள் எழுதிய வாதக் கட்டுரைகளைப் பெயர் இல்லாமல், வெறும் எண் போட்டுப் படிக்க வேண்டும் என்ற விதியும் அவர் கொண்டு வந்ததுதான். சிபாரிசுக்கு இடமே இருக்கக் கூடாதாம். ஒரு கட்டுரையைப் பாதி படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், எழுதினவன் யாரோ தெரியல. ஆனா இவனை அனுப்பாம வேற யாரை அனுப்பினாலும் அது பாவம். என்னையே படிக்கிற மாதிரி இருக்கு. நாளைக்கு இவன் என் எடத்துக்கு வருவான், பாத்துக்கிட்டே இருங்க."

வெளிநாட்டு டீச்சர் அந்த எண்ணுக்குரிய பெயர் இருந்த உறையைப் பிரித்தாள்.

"இவன் இல்ல சார், இவ. உங்க மருமகதான்."

குழுவில் இருந்த முதல்வர் கைதட்டினார். வக்கீலும் சிரித்துக்கொண்டே தட்டினார். அந்தச் சிரிப்பு கார் வரைக்கும் தாங்கியது.

தன்னையே படிக்கிற மாதிரி ஏன் இருந்தது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. உறைத்தது வேறு. கணவனை இழந்தவள், சின்ன வயசு, தனியாக விமானம் ஏறுவாள். ஊர் என்ன சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இத்தனை நாள் ஊர் வாய்க்குத் தீனி போட்டதே தன் மேடைப் பேச்சுதான் என்பது வேறு விஷயம்.

ராத்திரிக்குள் அவருடைய தங்கைக்குச் செய்தி போய்விட்டது. கட்டுரைப் போட்டியில் இரண்டாவதாக வந்தவன் அவள் மகன். அவன் கட்டுரையில் 'பரவாயில்லை' என்று எழுதியதும் வக்கீல்தான்.

"ஏண்ணா, அவ போய் யாருக்கு என்ன ஆகப்போகுது? எல்லாம் முடிஞ்சுபோனவ. அந்த எடத்தை என் பையனுக்குக் கொடுத்தா ஒரு ஆம்பளப் பிள்ளை தலையெடுப்பான்."

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார் முற்போக்காளர்.

மறுநாள் வெளிநாட்டு டீச்சருக்குப் போன் போட்டார். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் டீச்சர். மாமியாரைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேங்குறா. பாசக்காரப் பொண்ணு."

"அப்படியா சார்? அவளே வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள விசாவுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தாகணும். இல்லன்னா அடுத்தவன் பேருக்கு மாத்திடலாம்."

வெள்ளிக்கிழமைதானே, தாண்டிவிடலாம் என்று வக்கீல் போனை வைத்தார். அந்த வாரம் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. வியாழக்கிழமை ஒரு பெரிய வழக்கு. வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு நர்ஸ். அவளைத் திரும்பப் போக விடாமல் மாமியார் வீட்டார் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். அவளுக்காக வக்கீல் இலவசமாக வாதாடுகிறார். பத்திரிகைக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். நர்ஸின் பாஸ்போர்ட் வேறு, மருமகளின் பாஸ்போர்ட் வேறு. அது வழக்கு, இது குடும்பம். கறுப்பு அங்கியோடு சேர்த்துக் கொள்கையையும் ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் வருகிற வக்கீல்களில் இவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

வாதக் குறிப்பை மருமகள்தான் எழுதினாள். எப்போதும்போல எழுதினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. வக்கீலுக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு அடக்கம்!

புதன்கிழமை சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே மாமியார் கேட்டாள். "அங்க போய் நீ என்னதான்டி பண்ணுவ?"

"வீட்டு வேலைக்குன்னு வெளிநாட்டுல இருந்து வர்ற பொண்ணுங்க இருக்காங்கல்ல அத்தை, அவங்க பாஸ்போர்ட்டை முதலாளிங்க வாங்கிப் பூட்டி வச்சுக்குவாங்களாம். அதை மீட்டுக் கொடுக்குற ஆபீஸ் அது."

மாமியாரின் கை தானாக இடுப்புக்குப் போனது. பிறகு துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

வியாழக்கிழமை கோர்ட் நிரம்பி வழிந்தது. வழக்கம்போல வக்கீலுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் கோப்புகளோடு மருமகள் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். வேண்டிய தாள் கைக்கு வரும்.

"பூட்டி வச்சது கெட்ட எண்ணத்துல இல்லைங்க. அந்தப் பொண்ணு மேல இருக்கிற அன்பு" என்றார் எதிர்க்கட்சி வக்கீல்.

நம் வக்கீல் கையைப் பின்னால் நீட்டினார். தாள் வந்தது. ஒரு பார்வை பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"அன்புக்கு எதுக்குங்க பூட்டு? பூட்டு போட்டாத்தான் நிக்கும்னா அது அன்பே இல்ல, காவல். அந்தப் பொண்ணு என்ன குத்தவாளியா? கல்யாணம் ஆகி வந்ததைத் தவிர அவ என்ன குத்தம் பண்ணினா?"

கோர்ட் அசந்துவிட்டது. நீதிபதி அங்கேயே உத்தரவு போட்டார். பாஸ்போர்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் இருக்க வேண்டும். உறவு, பாசம், குடும்ப மானம் என்று எந்தக் காரணம் சொல்லியும் இன்னொருவர் பூட்டி வைக்கக் கூடாது. நர்ஸ் வக்கீலின் காலில் விழப் போனாள். அவர் பெரிய மனதோடு தடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பத்திரிகைக்காரர்கள், சக வக்கீல்கள், தங்கை, தங்கை மகன். வெளிநாட்டு டீச்சரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வெற்றி விழாவுக்கு வந்திருக்கிறாள் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார். மருமகள் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். கடைசி டம்ளரை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"மாமா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளும்மா!" வக்கீல் பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "என் மக. சட்டம் படிக்கிறா."

"இன்னைக்கு வந்த உத்தரவு அந்த நர்ஸ் ஒருத்திக்கு மட்டுமா, எல்லாப் பொண்ணுங்களுக்கும் சேர்த்தா?"

"என்னம்மா கேள்வி இது? எல்லாருக்கும்தான்! ஏழை, பணக்காரி, அந்த வீடு, இந்த வீடுன்னு சட்டத்துக்குக் கண்ணு கிடையாது. எழுதிக்கோங்கப்பா இதை."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். தவளை தன் வாயால் கெட்டு முடிந்தது.

"அப்ப பீரோவைத் திறங்க மாமா" என்றாள் மருமகள். "நாளைக்குக் கடைசி நாள். டீச்சர் என் பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க."

பேனாக்கள் நின்றன. தங்கை, "என்ன திமிரு பாரு" என்று ஆரம்பித்தவள், பத்திரிகைக்காரர் ஒருவர் தன் பக்கம் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அது... பத்திரமா இருக்கட்டுமேன்னு... சாவி எங்க இருக்குன்னு பாக்கணும்..."

"சாவி என்கிட்டத்தான் இருக்கு" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. மாமியார் இடுப்பிலிருந்து கொத்தை உருவி எடுத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து வந்தாள். கணவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய் மருமகளின் உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

"நீயே திறந்து எடுத்துக்க. நான் பூட்டினது தப்பு" என்றாள். அந்த வீட்டில் அன்று உண்மையாகப் பேசப்பட்ட வாக்கியம் அது ஒன்றுதான். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மகனைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷமாக இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியவள். அவளுக்கு மட்டும் இது சுலபமா என்ன?

வக்கீல் சும்மா வக்கீலா? படம் எடுப்பவர் கேமராவைத் தூக்குவதற்குள் சுதாரித்துக்கொண்டார். பாஸ்போர்ட்டோடு வந்த மருமகளின் தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் செய்கிற நிலையில் நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான். 'மருமகளின் சிறகுக்குத் திறவுகோல் தந்த மாமனார்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மகளிர் சங்கம் ஒன்று பாராட்டு விழாவுக்குத் தேதி கேட்டது. அவர் கொடுத்தார். சாவி கொடுத்தவளின் முழங்கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது.

கிளம்புகிற அன்று மாமியார் வாசல்வரை வந்தாள். "போயிட்டு வா. திரும்பி வரணும்னு உனக்குத் தோணினா வா. எனக்காகன்னு வராத."

"போனதும் பேசறேன் அத்தை" என்றாள் மருமகள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அடுத்த வழக்குக்கு நீங்களே டைப் அடிச்சுக்குங்க."

"அது கெடக்குது போம்மா, அதென்ன பெரிய வேலை" என்றார் வக்கீல்.

அடுத்த வழக்கு வந்தது. பாராட்டு விழாவில் போட்ட சால்வையின் மிடுக்கு இன்னும் தோளில் இருந்தது. பின்னால் இருந்த நாற்காலியில் இப்போது தங்கை மகன், அவருடைய புது உதவியாளன். வக்கீல் அரை மணி நேரம் உணர்ச்சியோடு பேசினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, இதுக்கு முன்தீர்ப்பு ஏதாவது இருக்கா?" என்றார்.

வக்கீல் வழக்கம்போலத் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

பையன் திருதிருவென்று விழித்தான். நீட்டிய கையில் ஏதாவது வைத்தாக வேண்டுமே! அவசரமாக ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்தான்.

வக்கீல் டம்ளரைப் பார்த்தார். தண்ணீரைக் குடித்தார். வாய்தா கேட்டார்.