அண்ணனின் மேல்தாடைக்கு மூன்று வழிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்குப் பல் கட்டுவதற்காக கிளினிக்குக்குக் கூடப் போனேன். அங்கேயிருந்து கதையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என்னைக் கொஞ்சம் அழகா எழுது" என்றார். அழகாக எழுத முயன்ற முதல் வரி இது:

அவர் சிரிக்கும்போது ஒரு காலத்தில் நிலவு

நிலவாவது மண்ணாங்கட்டியாவது. வாயில் ஒரு பல்கூட இல்லாத மனிதர். அடித்துவிட்டேன். இரண்டாவது முயற்சி:

பல்லைத் தாங்குவதற்கென்றே இருக்கிறது தாடை எலும்பு. பல் போனதும் அதற்கு வேலை போய்விடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கிறது.

இது டாக்டர் சொன்னது. சரியான தகவல். ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் புரட்டியிருப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் அண்ணன் ஏலம் விடுகிறவர். பழைய கட்டில், பீரோ, மேசை, கடிகாரம் எல்லாம் விற்கிற பெரிய கூடம் ஒன்றில் மேடையேறி விலை கூவுவதுதான் வேலை. ஈறு நோயில் சின்ன வயதிலேயே பற்கள் கொட்டிவிட்டன. அன்றிலிருந்து கழற்றி மாட்டுகிற பல்செட்டில்தான் காலத்தை ஓட்டினார். எலும்பு கரையக் கரைய பல்செட் ஆடியது. ஆடிய பல்செட் ஒரு சத்தம் போட்டது. கதை அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

ஏலம் விடுகிறவர்கள் கையில் மரச் சுத்தியல் இருக்கும். அண்ணனிடமும் ஒன்று இருந்தது. ஒருநாள் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அந்த மேசையையே ஏலத்தில் விட்டுவிட்டார். எடுத்தவர் மேசையோடு சுத்தியலையும் கொண்டுபோய்விட்டார்.*

அன்று மீதிப் பொருள்களை விற்க வேண்டுமே. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி வாயை இறுக மூடினார். மேல்செட் நழுவிக் கீழ்செட்டில் மோதியது. டக். கூடம் முழுக்கக் கேட்டது. முன்வரிசைக்காரர் எழுந்துபோய்ப் பொருளைத் தூக்கிக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் சுத்தியலைப் பற்றிப் பேசவில்லை.

வருஷக்கணக்கில் இதுதான் வழக்கம். தகராறு வந்தால்கூட, "டக் கேட்டுச்சா இல்லையா?" என்பார்கள். கேட்டது என்றால் பேச்சு முடிந்தது.

(* நம்ப முடியவில்லையா? என்னாலும் முடியவில்லை. இதைவிட நம்பும்படியான காரணம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதினேன். படித்துப் பார்த்த அண்ணன், "இதெல்லாம் நடக்கற காரியமா?" என்றார். எடுத்துவிட்டேன்.)

3

இப்போது கிளினிக். சின்ன அறை, ஒரு திரை, திரையில் அண்ணனின் தாடை. டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். பேனா முனையால் காட்டிக்கொண்டே பேசினார்.

"கீழ்த்தாடையில பிரச்சினை இல்ல சார். முன்பக்கம் எலும்பு இருக்கு. நாலு இம்ப்ளான்ட் திருகு ஊன்றி, பல் வரிசையை அசையாமப் பொருத்திடலாம். மேல்தாடையைத்தான் யோசிக்கணும். பின்பக்கம் பாருங்க, முட்டை ஓடு கனம்கூட இல்ல. திருகு போட்டா நிக்காது."

மேல்தாடைக்கு மூன்று வழிகள் சொன்னார். ஒன்று, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, அது ஒட்டுவதற்குப் பல மாதம் காத்திருந்து, அப்புறம் இம்ப்ளான்ட் போடுவது. இரண்டு, தாடையை நம்பாமல் நீளமான இம்ப்ளான்ட்டுகளைக் கன்ன எலும்பில் ஊன்றுவது. சில நாளிலேயே தற்காலிகப் பல் ஆடாமல் உட்கார்ந்துவிடும், ஆனால் பெரிய அறுவை, பின்னால் கோளாறு வந்தால் சரிசெய்வதும் பெரிய வேலை. மூன்று, முன்பக்கம் மிச்சமிருக்கிற எலும்பில் சில இம்ப்ளான்ட்டுகளை மட்டும் ஊன்றி, கழற்றி மாட்டுகிற செட்டைச் சட்டைப் பொத்தான் மாதிரி அதில் மாட்டிக்கொள்வது. அறுவை சின்னது, ஆனால் பிடிப்பு குறைவு.

"இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா இந்த மூணு வழியும் இருக்காது" என்றார் டாக்டர். "எது முடியும்னு ஸ்கேன் சொல்லும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். இந்தப் பல்லை வெச்சு முதல்ல என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?"

"ஏலம் விடணும்" என்றார் அண்ணன்.

டக் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். நல்ல பெண்.

"அதனால அந்த மூணாவதையே போடுங்க. போடும்போது மேல்செட்டை மட்டும் கொஞ்சம் லூசா விட்டுட முடியுமா?"

"சார், ஆடக் கூடாதுன்னுதான் எல்லாரும் என்கிட்ட வர்றாங்க."

இந்த இடத்தில் கதை எனக்குக் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். தொழில் பெரிதா, உடம்பு பெரிதா? தலைப்புகூட வைத்துவிட்டேன். (என்ன தலைப்பு என்று கேட்காதீர்கள். கேவலமாக இருந்தது.)

4

என் சந்தேகமெல்லாம் அண்ணியின் மேல்தான். மனிதராக அல்ல, பாத்திரமாக. முதல் பிரதியில் அவரை நச்சரிக்கிற மனைவியாக எழுதியிருந்தேன். "பல் கட்டுங்க, பல் கட்டுங்க" என்று மாதக்கணக்கில் பிடுங்கி எடுத்தவர் அவர்தானே. கதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். அண்ணி கைவசம் இருந்தார். அவரை வைத்து இரண்டு பக்கம் ஓட்டினேன்.

பாத்திரங்கள் எழுத்தாளரின் சொல்லைக் கேட்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதெல்லாம் பாவனை. என் விஷயத்தில் அண்ணி நிஜமாகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நிஜமாகவே வாயைத் திறந்தார்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"இவர் என்கூட உக்காந்து சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு. தட்டை எடுத்துக்கிட்டு உள் அறைக்குப் போயிடுவார். மெல்லும்போது செட் விழுந்துடுதாம், அதை நான் பாக்கக் கூடாதாம். அவ்வளவு பேர் முன்னாடி சத்தம் போடலாம், நான் மட்டும் பாக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். எனக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும்."

என் வீட்டு விசேஷம் ஒன்றிலும் அண்ணன் பந்தியில் உட்கார்ந்ததில்லை. "வயிறு சரியில்லம்மா" என்பார், நானும் சரி என்பேன். ஊர்க்கதையெல்லாம் மோப்பம் பிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் அண்ணன்.

"எப்ப சொல்றது? சாப்பிடும்போதுதான் பேசத் தோணும். அப்பதான் நீங்க இருக்க மாட்டீங்களே."

அண்ணன் திரையைப் பார்த்தார். தன் தாடையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்:

"அந்தக் கன்ன எலும்பு வழியில, இவகூட உக்காந்து சாப்பிட எவ்வளவு நாள் ஆகும்?"

"பல் பொருத்தின அன்னிக்கே உக்காரலாம் சார். சில மாசத்துக்கு மசிச்சதுதான் சாப்பிடணும். ஆனா எதுவும் கழண்டு விழாது."

"அப்ப அதையே பண்ணுங்க."

சைனஸ் சுத்தமாக இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி தருவேன் என்றார் டாக்டர். எல்லாம் பார்த்தார், தந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. கன்னம் இரண்டும் வீங்கிப்போய், சில நாள் அண்ணன் எங்கள் சித்தப்பா மாதிரி இருந்தார்.

5

இனி முடிவு. கைவசம் இரண்டு வைத்திருக்கிறேன்.

முதலாவது: சத்தம் போன ஏலக்காரரை யாரும் மதிப்பதில்லை. கூட்டம் குறைகிறது. காலிக் கூடத்தில் நல்ல பல்லோடு அவர்

போதும். சோகமாக முடித்தால் கனமான எழுத்து என்பார்கள், அந்த ஆசையில் எழுதியது. நடந்தது வேறு.

புதுப் பல்லோடு முதல் ஏலத்தில் ஒரு பீரோ வந்தது. மெத்தை வியாபாரி ஒருவர் விலை கேட்டார். மூன்று தரமும் சொல்லி அண்ணன் வாயை மூடினார். சத்தமே இல்லை. ஏலம் முடியவில்லை போல என்று நினைத்து மெத்தைக்காரர் விலையை ஏற்றினார். அண்ணன் மறுபடி வாயை மூடினார். மெத்தைக்காரர் மறுபடி ஏற்றினார். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டிருந்தார் மனிதர்.

"முதல்ல கேட்ட விலைக்கே உங்களுதுங்க. நிறுத்துங்க" என்றார் அண்ணன்.

"டக் கேக்கலையே?"

அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். கூடமே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து யாரோ நாக்கைச் சப்புக் கொட்டி ஒரு டக் போட்டார். உடனே அத்தனை பேரும் போட்டார்கள். இப்போது மூன்றாவது தரத்துக்கு அப்புறம் கூட்டமே அந்தச் சத்தத்தைப் போடுகிறது. அண்ணன் சும்மா நிற்கிறார். நிம்மதியான வேலை என்கிறார்.

6

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இனிச் சொல்லப்போவது அந்த ஏலத்துக்கு முன்பே நடந்தது. கடைசியில் வைக்கிறேன், அந்த உரிமையாவது எனக்கு இருக்கட்டும்.

பல் பொருத்தின அன்று சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். பச்சையாகச் சொன்னால், இந்தக் காட்சி எனக்கு வேண்டியிருந்தது.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"மசிச்சு வெச்சிருக்கேன். எனக்கும் அதேதான். அவர் மட்டும் குழந்தை மாதிரி சாப்பிட்டா நல்லா இருக்காது."

"அண்ணன் எங்க?"

"கை கழுவறார். ரொம்ப நேரமா கழுவறார்."

"பயப்படறாரா?"

"அவர் மட்டுமா?" அண்ணி சிரித்தார். "கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி இருக்கு. என்ன பேசறதுன்னே தெரியல."

நான் இன்னொன்று கேட்க வாயெடுத்தேன்.

"இரும்மா, வர்றார். வெச்சுடறேன்."

வைத்துவிட்டார்.

மறுநாள் அண்ணியிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார். அண்ணனிடம் கேட்டேன். "அவகிட்டயே கேளு" என்றார். யார் முதலில் பேசினார்கள், என்ன பேசினார்கள், இல்லை பேசவே இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. கற்பனை செய்து எழுத உட்கார்ந்தேன். எழுதத்தான் தெரியும் எனக்கு, ஆனால் இதை எழுத மனசு வரவில்லை.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை. அவர்கள் மெதுவாகத்தான் சாப்பிடுகிறார்கள்.