போதகரின் இடுப்பு வலி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நம் போதகர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன ஒரே ஒரு புளுகு வருஷக்கணக்கில் ஓடியது. அது அவருடைய சாமர்த்தியத்தால் அல்ல, சபையாரின் அன்பால். தங்கமான மனுஷன் ஒருவர் 'இடுப்பு வலிக்கிறது' என்று சொன்னால் யார் போய்ச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வலி பிறந்த கதை இதுதான். சபை கூடும் மண்டபத்தில் மேடைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. மற்ற நாட்களில் அது காலியாகக் கிடக்கும், மேலே பலகை போட்டு மூடியிருக்கும். ஞானஸ்நானம் என்றால் பலகைகளைத் தூக்கிவிட்டு, மார்பளவு தண்ணீர் நிரப்புவார்கள்; போதகர் உள்ளே இறங்கி ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். போதகர் இந்தச் சபைக்கு வந்த புதிதில், வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு தொட்டியின் ஓரம் வரைக்கும் கம்பீரமாகத்தான் நடந்து வந்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அவ்வளவுதான், கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. "தம்பி, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இன்னிக்கு நீங்க இறங்கிடுங்க" என்று உதவிப் போதகரிடம் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லா ஞானஸ்நானத்துக்கும் தம்பிதான் இறங்குவார். அவர் மீன்குஞ்சு மாதிரி, தண்ணீரைக் கண்டால் சிரிப்பார். போதகர் ஓரத்தில் நின்று ஜெபம் பண்ணுவார். சபையார் விடுவார்களா? ஒருவர் தைலம் கொண்டுவந்தார். ஒருவர் முதுகு சாய்க்கிற மாதிரி விசேஷ நாற்காலி வாங்கிக் கொடுத்தார். பிசியோதெரபி பார்க்கும் சகோதரி ஒருத்தி வாராவாரம் புதுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். போதகருக்கு இடப்பக்கம் வலித்ததா வலப்பக்கம் வலித்ததா என்பது சில சமயம் மறந்துபோகும். கையை மாற்றி வைத்துவிடுவார். "வலி பக்கம் மாறுதா ஐயா? அதுவும் ஒரு அறிகுறிதான்" என்று அந்தச் சகோதரி கவலையோடு சொல்லுவாள். அவருக்கு வெட்கமாக இருக்கும்.

மனுஷன் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். தொற்றுநோய் வார்டுக்குள் ஜெபிக்கப் போவார். குடித்துவிட்டு மனைவியை வெட்ட அரிவாளோடு நின்றவன் கையிலிருந்து அரிவாளை வாங்கி வைத்தவர். அவருடைய பிரசங்கத்தில் பாதி, 'பயப்படாதே' என்ற சொல்தான். தண்ணீர் மட்டும்தான் அவருக்கு எமன். சின்ன வயதில் கல் குவாரிக் குட்டையில் மூழ்கியவரை அண்ணன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். உடம்பு வெளியே வந்துவிட்டது, மனசின் ஒரு மூலை குட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. வாலிபத்தில் அவர் ஞானஸ்நானம் எடுத்தபோதும் மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். இது எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தாள் இஸ்திரி அக்கா.

ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையத்தில் அவளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. வயசு ஐம்பது இருக்கும். வெள்ளத்தில் படகு கவிழ்ந்து புருஷனைப் பறிகொடுத்தவள். அதன் பிறகு பல வருஷம் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்து, ஒருநாள் தானாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். போதகரும் அவர் மனைவியும் அவள் வீட்டுக்குப் போய்ப் போய்ப் பேசினார்கள். விசுவாசம் வந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவளே கேட்டாள்.

"ஐயா, நான் ஞானஸ்நானம் எடுக்கணும். ஆனா எனக்குத் தண்ணின்னா உசுரே போயிடும். நீங்க இறங்கினா நான் இறங்குறேன்."

"தம்பி நல்லாச் செய்வாரும்மா. எனக்குத்தான் இந்த இடுப்பு..."

"அப்ப உங்க இடுப்பு சரியாகட்டும். நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காத்திருந்தால் பரவாயில்லை. அவள் ஜெபிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் போதகரின் இடுப்புக்காக உபவாசம். அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு சபையே சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்புகளில் போதகரின் இடுப்பு முதலிடத்துக்கு வந்தது. புற்றுநோய்க்காரர் ஒருவர்கூட இரண்டாவதாகத்தான் வந்தார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமென்' சொன்னார், வேறென்ன சொல்ல முடியும்?

அன்று மத்தியானம் மனைவி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இல்லாத வலியை ஆண்டவர் எப்படிங்க சுகமாக்குவார்?"

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"நான் இத்தனை நாள் வாயத் திறக்கல. உங்க பயம், உங்க பாடுன்னு விட்டேன். இப்ப அந்தப் பொம்பள உங்களுக்காகப் பட்டினி கிடக்குறா. எனக்குச் சோறு இறங்கல."

போதகருக்கும் இறங்கவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த சில வாரங்களில் இஸ்திரி அக்கா சபைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் ஜெபம் முடிவதற்குள் எழுந்து போய்விடுவாள். போதகர் விசாரிக்க நேராகச் சலவை நிலையத்துக்கே போனார். முன்பக்கம் பெரிய இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன, தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். அதை ஒட்டிய சுவருக்கு அந்தப்பக்கம் இஸ்திரி அறை. அவள் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது, ஏனென்றால் அங்கே தரை காய்ந்திருக்கும். மேஜை மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"என்னம்மா, ஆளையே காணோம்?"

"வந்து என்ன ஐயா ஆகப்போகுது? ஆண்டவருக்கு நான் வேணாம் போல."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"உங்க இடுப்பச் சரியாக்குறது அவருக்கு ஒரு வேலையா? எத்தனை பேரு கேட்டோம். செய்ய மாட்டேங்குறார்னா, என்னை வர வேணாம்னு சொல்றார்னுதானே அர்த்தம்? அந்தத் தண்ணியிலயே போயிருக்க வேண்டியவதானே நான்."

தன் பயத்துக்குப் போட்ட போர்வை இப்படி ஒருத்தியின் கழுத்தைச் சுற்றும் என்று போதகர் நினைத்துப் பார்த்ததில்லை.

"அம்மா, அவர் அப்படிச் சொல்லவே இல்ல. எனக்கு இடுப்பு வலி கிடையாது."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "சுகமாயிடுச்சா ஐயா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். சபை ஆர்ப்பரிக்கும், அவள் விசுவாசம் ஆலமரமாகும், அவர் மானமும் பிழைக்கும். அந்தச் சின்ன வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அரிவாள்காரனுக்கு முன்னால் நின்றபோதுகூட அவருக்கு இப்படி வேர்த்ததில்லை.

"இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. நான் பொய் சொன்னேன். எனக்குத் தண்ணின்னா பயம்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்து, தேய்த்த இடத்தையே மறுபடி அழுத்தித் தேய்த்தாள்.

"பட்டினியோட நின்னு வேலை பாத்தேன் ஐயா."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"இருந்தேன்."

விரிப்பை அவள் நான்காக மடித்து அடுக்கில் வைத்தாள். இன்னொன்றை விரித்தாள். அதில் பாதி போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு பயம்?"

"குளிக்குற வாளி நிறைஞ்சிருந்தா பாதியக் கீழ ஊத்திட்டுத்தான் குளிப்பேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கணக்கு அவளுக்குப் புரியும்.

"தம்பி இறக்கட்டும்மா, நான் ஓரத்துல உங்க பக்கத்துலயே நிக்குறேன்."

"வேணாம். என் வீட்டுக்காரரு நல்லா நீந்துவாரு. படகு கவுந்தப்போ என் கை அவரு கையிலதான் இருந்துச்சு. 'ஒண்ணும் ஆகாது, இந்தக் கட்டையப் பிடி, நான் அங்க தத்தளிக்குற குழந்தையத் தூக்கிட்டு வந்துடுறேன்'னு சொல்லிக் கைய விட்டாரு. பயமே இல்லாத மனுஷன். அந்தத் தம்பியும் அப்படித்தான். எனக்குப் பயந்தவங்க கைதான் வேணும் ஐயா. அவங்கதான் விட மாட்டாங்க."

"நான் விட மாட்டேம்மா" என்றார் போதகர்.

ஞாயிற்றுக்கிழமை பலகைகளைத் தூக்கித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். போதகர் அங்கியோடு சபைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. குவாரிக் குட்டையைச் சொன்னார், பொய்யைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். தைலம் கொடுத்தவர் பக்கத்து ஆளிடம், "அப்ப அந்தத் தைலத்த எங்க தேச்சாரு?" என்று மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பிசியோதெரபி சகோதரிக்குக் கோபம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புற்றுநோய்க்காரர் மட்டும் எழுந்து நின்று, "பரவாயில்ல ஐயா, இறங்குங்க. பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

முதல் படி, இரண்டாம் படி. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் போதகர் நின்றுவிட்டார். சொந்தக் காலே அவர் சொல்லைக் கேட்கவில்லை. சபை பாடிய பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பாடினார்கள், அதுவும் முடிந்தது. "ஐயா, நான் வேணும்னா..." என்று தம்பி குனிந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். முழங்காலிலேயே அவருக்குத் தலைக்கு மேல் போய்விட்டது.

ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப் போடும் என்றுதான் அவர் சின்ன வயதிலிருந்து ஜெபித்து வந்திருக்கிறார். அது போனதே இல்லை. இப்போது படியில் நின்று வேறு மாதிரி கேட்டார். போகாவிட்டால் இருக்கட்டும், நீர் கூட வந்தால் போதும்.

அதற்குள் அவருடைய தோளை உரசிக்கொண்டு யாரோ இறங்கினார்கள். இஸ்திரி அக்கா. உதடு நீலமாகி, தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மார்பளவு தண்ணீருக்குள் போய் நின்று, திரும்பி, கையை நீட்டினாள்.

"வாங்க ஐயா. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் பிடித்துக்கொண்டார். இறங்கினார். தண்ணீர் வயிற்றைத் தாண்டியபோது வாய்விட்டு ஒரு சத்தம் போட்டார், யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, இன்னொரு கையால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமங்களையும் சொன்னார். குரல் உடைந்தாலும் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. அவளைச் சாய்த்தார்.

சாய்க்கிறவர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் முறை. தம்பி அதை எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறார். ஆனால் போதகர் பிடியைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. அவள் உள்ளே போகப் போக அவரும் கூடவே குனிந்தார், முகம் தண்ணீரைத் தொட்டும் நிற்கவில்லை. அவருடைய நரைத்த தலையும் அவளோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஓரத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாக மேலே வந்தார்கள். போதகருக்கு மூக்கிலும் வாயிலும் தண்ணீர், இருமல் நிற்கவில்லை. இஸ்திரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகிப்போயிருந்தன. அதைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், தோள் குலுங்க, மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருநாளும் கேட்டிராத சிரிப்பு.

"விடலையே ஐயா நீங்க" என்றாள்.

"விடலம்மா" என்றார் போதகர், இருமிக்கொண்டே.