இரண்டு முழம் வெளியே நின்ற தடி

1

"ஏ புள்ள, தன் பீரங்கி வெடிக்கலன்னு பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாம போகும்னா நம்புவியா?"

போர்க்கப்பலில் பீரங்கி வேலை பார்க்கும் அக்காள் கணவர் ஜெம், பட்டாணிக் கூழைக் குடித்துக்கொண்டே கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறக்கக் கூச்சப்பட்டுப் பள்ளியையே விட்டவள் நான். இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது.

2

கடல் சீறியது. போர்க்கப்பல் தள்ளாடி...

(அடித்துவிட்டேன். ஸ்பிட்ஹெட் துறையில் சுடும் போட்டி நடந்த அன்று கடல் தொட்டித் தண்ணீர்போலக் கிடந்ததாம்.)

இரும்புக் கூண்டுக்குள் இரட்டைப் பீரங்கி. இரண்டும் ஒன்றாக வெடிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு நீராவி இயந்திரம் இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். ஒன்று ஊமையாக நின்றாலும் தெரியாது. வெடிக்காததன் மேலேயே இன்னொரு வெடிமருந்துப்பை, இன்னொரு குண்டு. அடுத்த முறை பீரங்கியே பிளக்கும். உள்ளே நிற்பவர்கள்...

(முடிக்கமாட்டேன். அக்காள் நிறைமாதம்.)

3

அடுத்த வெடிக்காக ஜெம் மருந்துப்பையைத் தடியால் உள்ளே தள்ளினார்.

"என்னடா தடவுற? பின்கூண்டுல ரூபென் குண்டே போட்டிருப்பான்! சேவல் போயிரும்டா!" என்றார் பீரங்கித் தலைவர் டாப்பர்.

(வேகமாகச் சுடும் குழுவின் தலைக்குமேல் அந்த வருடம் முழுக்க மரச்சேவல் தொங்கும். இப்போது டாப்பரிடம்; போட்டி பின்கூண்டு ரூபெனோடு.)

"தடி போகலண்ணே. ரெண்டு முழம் வெளிய நிக்குது."

"உன் பொண்டாட்டியக் கூப்பிடு, அவ தள்ளுவா."

முதலில் டாப்பரைக் கெட்டவராக்கி, தள்ளச் சொல்லி அதட்டவைத்தேன். பேனா நகரவில்லை. எங்கள் நாற்காலிக்குக் கால் செய்து தந்தவர் அவர். மறுபடி எழுதினேன். தடியை அவரே பிடித்து அழுத்தினார். முந்தின குண்டு உள்ளேயே வெடிக்காமல் கிடப்பது புரிந்தது.

"யாரும் தொடாதீங்க. மருந்து நனையட்டும், தண்ணி ஊத்துங்கடா."

பின்கூண்டிலிருந்து ரூபென் கத்தினான்: "என்ன டாப்பரு, பீரங்கிக்குத் தாகமா?"

4

முடிவுக்குத் தளபதி கையால் பதக்கம் எழுதினேன். கிழித்தேன். ஜெம் இன்னொரு கரண்டிக் கூழ் கேட்டார், அக்காள் திட்டிக்கொண்டே போட்டாள். எனக்கு அந்த முடிவே போதும்.

சேவலை ரூபென் எடுத்துக்கொண்டானா என்று நான் கேட்கவில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஜெம் சொன்னது இவ்வளவுதான்: ஜெயித்த ரூபென் கேலி பேசிக்கொண்டே கூண்டுக்குள் தலையை நீட்டினான். தரையில் நனைந்த மருந்துப்பைகள் இரண்டு, நடுவே ஒரு குண்டு. ஜெம்மைப் பார்த்தான். டாப்பரைப் பார்த்தான். கேலியைப் பாதியில் விட்டுத் திரும்பிப் போனான்.