ஆறு நாற்பது வெளிச்சம்

தைவானின் வடகோடியில், எங்கள் கீலுங்கில் வெயில் அடித்தால் அது செய்தி. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. துவைத்த துணி காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். காமிரா பைத்தியம் பிடித்த எங்களைப் போன்றவர்கள் வானிலை அறிவிப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "நாளைக்கு வெயிலாம்!" என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று ராத்திரியே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிவிடுவோம். இப்போதெல்லாம் யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

என் பெயர் யென். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று பெருமை வரும். இந்தக் கதையில் என்னைக் கெடுத்தது இரண்டாவதுதான்.

எங்கள் புகைப்படக் குழு போனில் இருக்கிறது. தைவான் முழுக்க நானூறு பேர். பல் டாக்டர், தபால்காரர், கணக்கு வாத்தியார் என்று எல்லாரும் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவர்கள். குழுவை நடத்துவது துங் அக்கா. பல் பிடுங்குகிற கை, கொஞ்சம் கறார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. படத்துக்குக் கீழே எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு, எங்கே நின்று, எந்த லென்ஸில் என்று முழு விவரமும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவார்.

"நல்ல படத்தைப் பதுக்கி வச்சுக்கிறவன் கஞ்சன். நாலு பேர் போய் அதே எடத்துல நின்னு எடுக்கட்டுமே!" என்பார்.

எங்களுக்கும் அதில் பெருமைதான். விவரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய கலைஞன் என்று நினைப்பு.

போன மார்ச் மாதம், கால்வாயோரச் சந்தையில், மீன் உருண்டைக் கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெயர் பாய்லியன். முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் விழுதைக் கையில் அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்கி, வந்த உருண்டையைக் கரண்டியால் வழித்துத் தண்ணீரில் போடுவாள். ஒரு நிமிடத்தில் முப்பது உருண்டை. மழை நாளில் உள்ளே தார்ப்பாய்க்குப் பின்னால் உட்காருவாள். வெயில் நாளில் மட்டும் முக்காலியைச் சந்து வாசலில் போட்டுக்கொள்வாள். காலை ஆறு நாற்பதுக்கு இரண்டு கட்டடங்களுக்கு இடையிலிருந்து ஒரு துண்டு வெளிச்சம் வந்து நேராக அவள் கை மேல் விழும். பத்து நிமிடம்தான் இருக்கும்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமா தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. "முகம் வேணாம் அண்ணே. முகம் மட்டும் வேணாம்."

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். முகத்தை எடுக்கவில்லை. பிதுங்கி வரும் உருண்டை, பளபளக்கும் விரல்கள், கட்டைவிரலின் அடியில் பிறை போல் ஒரு பழைய தழும்பு, இடுப்பில் இடப்பக்கம் முடிந்த ஏப்ரன் கயிறு, சுற்றிலும் ஆவி. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

குழுவில் போட்டேன். போன் அடங்கவேயில்லை. "யென் அண்ணே, கிரேன்ல தொங்கிக்கிட்டு எடுத்தீங்களா?" என்று ஒருவன் கேலி செய்தான். "பசிக்குது, பார்சல் அனுப்புங்க" என்றான் இன்னொருவன். துங் அக்காவே, "இந்த மாசத்துப் படம் இதுதான். இந்தக் கெழவன் இப்பத்தான் பொறந்திருக்கான்" என்று எழுதினார்.

அத்தனையிலும் ஒருவர் எழுதியதுதான் என்னைக் குளிரவைத்தது. குழுவில் அவர் பெயர் வெள்ளிக் கொக்கு. அவர் படம் போடுவது அபூர்வம். ஆனால் ரசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் எழுதினார்: "வாத்யாரே, உங்க படத்துல வெளிச்சம் மூச்சு விடுது. இந்த வெளிச்சம் தினமும் வருமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே எழுதியிருந்த விவரம் போதாதென்று இன்னும் அள்ளிக் கொடுத்தேன். வெயில் நாளில் மட்டும் வரும், அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணும் வெளியே உட்காருவாள், மற்ற நாளில் உள்ளே இருப்பாள், நீலத் தூணோரம் நின்றால் கோணம் சரியாக இருக்கும் என்றெல்லாம் எழுதினேன். அவர் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினார்.

யாரைப் படம் எடுத்தோமோ அவரிடம் அச்சுப் பிரதி ஒன்றைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வாரம் விடாத மழை. எட்டாம் நாள் காலை, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போய்ப் பாய்லியனிடம் நீட்டினேன். அவள் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"என் கையா இது?"

"உன் கைதான். நானூறு பேர் பார்த்தாச்சு. ஒருத்தர் எழுதினதைக் கேளேன்" என்று போனை எடுத்துப் படித்துக் காட்டினேன். வெளிச்சம் மூச்சு விடுது.

அவள் கையிலிருந்த விழுது தரையில் விழுந்தது.

"இன்னொரு தடவ படிங்க அண்ணே."

படித்தேன். அவள் சுவரோரமாக நகர்ந்து, தார்ப்பாயின் விளிம்பை இழுத்து மூடினாள்.

"அது என் புருஷன்" என்றாள். "அவன்தான் அப்படிச் சொல்வான். எட்டு வருஷம் என்னைத்தான் படம் எடுத்தான். அசைஞ்சா அடிப்பான். 'வெளிச்சம் மூச்சு விடுதுடி, நீ விடாத'ன்னு சொல்வான். இந்தத் தழும்பு அவன் போட்டது. இதப் பார்த்தா அவனுக்குத் தெரியாம இருக்குமா?"

நான் உளறினேன். போலீஸ் என்றேன், கோர்ட் என்றேன்.

"கோர்ட்டுக் காகிதம் பையில இருக்கு. என் பக்கத்துல வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு. போன தடவை காகிதம் இருக்கும்போதே என் விலாவை உடைச்சான்." அவள் என் கையைப் பிடித்தாள். மீன் விழுதோடு ஜில்லென்று இருந்தது. "அவனுக்கு என்ன பதில் எழுதினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. வழி சொல்லி, நேரம் சொல்லி, நிற்க இடமும் காட்டியிருக்கிறேன். முகத்தை மட்டும்தான் எடுக்கவில்லை.

"வெயில் அடிச்சாத்தான் நான் வெளிய இருப்பேன்னு சொல்லிட்டீங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. "அதான் இந்த ஒரு வாரமா வரல. நாளைக்கு என்ன?"

எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. குழுவில் காலையிலிருந்து அதே பேச்சுதான். நாளைக்கு வெயில்.

அவள் ஏப்ரனை அவிழ்த்து முக்காலி மேல் மடித்து வைத்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நல்ல படம்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, அச்சுப் பிரதியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பின்வாசல் வழியாக மழையில் இறங்கிப் போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆறரைக்குச் சந்துக்குப் போனேன். முக்காலி மட்டும் வாசலில் கிடந்தது.

நீலத் தூணோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

ராட்சசனை எதிர்பார்த்துப் போனேன். நறுக்காக முடி வெட்டி, சாம்பல் நிற மேல்சட்டை போட்ட மெலிந்த ஆள். தோளில் பழைய தோல் பை. சரியாக ஆறு நாற்பதுக்கு வெளிச்சம் முக்காலி மேல் விழுந்தது. அவன் ஒரே ஒரு படம் எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வாத்யாரே! நீங்கதானே? குழுவுல உங்க முகத்தைப் பார்த்திருக்கேன்." தூணடியில் வைத்திருந்த இரண்டு கோப்பை சூடான சோயா பாலை எடுத்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "என்ன கோணம்! என்ன கணக்கு! நீங்க சொன்ன எடத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி நின்னாலும் போச்சு."

"ஆமா" என்றேன்.

"அந்த அம்மா இன்னிக்கு வரலையா?"

"ஒடம்பு சரியில்லையாம்."

அவன் என் முகத்தையே பார்த்தான். லென்ஸைத் திருகுகிறவன் பார்க்கிற மாதிரி, கண்ணைச் சற்றே இடுக்கி, நிதானமாக. "பொய் சொன்னா உங்களுக்கு இடது கண்ணு துடிக்குது வாத்யாரே. பரவாயில்ல." ஒரு வாய் பால் குடித்தான். "உங்க படம் எல்லாத்தையும் பார்த்திருக்கேன். உங்க வீட்டு நாலாம் மாடி பச்சை ஜன்னல்லேர்ந்து எடுத்த கப்பல். கோயில் பஸ் நிறுத்தத்துல உங்க வீட்டம்மா குடையோட நிக்கிறது. ஏழு அம்பது பஸ், இல்லையா? விவரம் எழுதறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல."

ஏழு ஐம்பதுதான். நானே எழுதியதுதான்.

"அவ யாரு, நான் யாருன்னெல்லாம் குழுவுல பேசி என்ன ஆகப்போகுது?" என்றான் அன்பாக. "அவளை நான் தேட வேண்டியதே இல்ல. அந்தக் கையைப் பார்த்துட்டு எடுக்காம போற படக்காரன் இருக்கானா? யாராவது எடுப்பான். எடுத்தா எங்கேன்னு எழுதுவான்." என் தோளைத் தட்டிவிட்டு, காலிக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனான்.

அன்றே குழுவிலிருந்த என் படங்கள் அத்தனையையும் அழித்தேன். துங் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில், குழுவில் எங்கள் ஊர்க்காரர் எட்டுப் பேர் கூடி முட்டை ரொட்டி சாப்பிடும் கடையில் வைத்தே கேட்டார்.

"ஏன்யா தூக்கின? மாசப் பரிசு வாங்கின படம்!"

"கூர்மை சரியில்லக்கா."

"கூர்மையா? உன் மூளைக்கா, படத்துக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த ஆள் இப்படிப்பட்டவன், அவனை வெளியேற்றுங்கள், இனி யாரும் இடம் எழுதாதீர்கள் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். பச்சை ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஏழு ஐம்பது பஸ் நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பானேன்? ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தவன் என்று இந்த எட்டுப் பேர் என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. ரொட்டியை மென்று விழுங்கினேன்.

அன்றிலிருந்து நான் படம் எடுக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது படம் வரும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் கை தேடினேன். வெள்ளிக் கொக்கும் அங்கேயே இருந்தான். எல்லாருக்கும் இதயம் அனுப்பினான். புதியவர்களைத் தட்டிக்கொடுத்தான். "கொக்கு வாத்யார் மாதிரி ரசிக்க ஆளில்ல" என்று துங் அக்கா எழுதியபோது போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. என் வீட்டம்மாவை மட்டும் வேறு நேரப் பஸ்ஸில் போகச் சொன்னேன். காரணம் கேட்டாள், எரிந்து விழுந்தேன்.

எட்டு மாதம் போயிற்று. நவம்பரில் ஒரு காலை, நல்ல மழை. கிரேன் மேலே கூண்டில் உட்கார்ந்திருந்தேன். கீழே கப்பலில் ஏதோ தகராறு, வேலை நின்றிருந்தது. போனை எடுத்தேன்.

தெற்கே தோங்காங்கிலிருந்து லூ என்கிற தபால்காரப் பையன் படம் போட்டிருந்தான். குழுவில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, இது அவனுடைய மூன்றாவது படம். ஒரு கை. பிதுங்கி வரும் மீன் உருண்டை. கட்டைவிரலடியில் பிறைத் தழும்பு. இடப்பக்கம் முடிந்த கயிறு. முகம் இல்லை. அவனிடமும் கேட்டிருப்பாள், முகம் மட்டும் வேணாம் என்று.

கீழே விவரம். சந்தையின் பெயர், மூன்றாவது வரிசை, லென்ஸ், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். அதற்குள் நாற்பது இதயம். துங் அக்கா எழுதியிருந்தார்: "பையன் கலக்கிட்டான்!" அதற்கும் கீழே, நான்கு நிமிடத்துக்கு முன்னால்:

"வாத்யாரே, வெளிச்சம் மூச்சு விடுது. இந்த வெளிச்சம் தினமும் வருமா?"

லூவின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, அவன் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். துங் அக்காவுக்கு அழுத்தினேன். யார் வாயிலோ கையை விட்டுக்கொண்டிருப்பார், அவரும் எடுக்கவில்லை. பிறகு குழுவிலேயே எழுதத் தொடங்கினேன், எட்டு மாதமாகச் சொல்லாமல் விட்டதை. எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. "பதில் சொல்லாதே லூ. படத்தைத் தூக்கு. அவன் அவளுடைய புருஷன். அவளை முதலில் காட்டிக்கொடுத்தவன் நான்."

அனுப்பினேன். என் எழுத்து திரையில் ஏறி நின்றது. அதற்கு மேலே, ஒரு நொடி முந்தி, லூவின் பதில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் கூப்பிட்டபோது அதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

"தினமும் வரும் வாத்யாரே! இது கீலுங் இல்ல, இங்க இந்தச் சீசன்ல மழையே கெடையாது. ஆறரைக்கு வந்து மூணாவது தூணோரமா நில்லுங்க. அந்த அக்கா லீவே போட மாட்டாங்க."

அதன் மேல் வெள்ளிக் கொக்கின் சிவப்பு இதயம் இருந்தது.